செல்வியக்கா போட்ட கோலம்

செல்வியக்கா, உன்னைக் கிடத்த ஐஸ் பெட்டி கொண்டுவந்தவன் வாசலில் நின்று போனில் சொன்னான்: "குடிசைதாண்ணே, பெட்டி உள்ள போகாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது, இதே உறையூர் வாய்க்கால் கரையில், இதே வார்த்தையைச் சொன்ன கணக்கெடுப்புக்காரரை நீ சும்மா விட்டாயா? சாணி தெளித்த ஈர வாசனை, உன் விரலெல்லாம் கோலமாவு.

"இந்தக் குடிசையில எத்தன பேரும்மா?"

"குடிசை இல்லங்க சார், வீடு. கோலம் போட்டிருக்கு, கண்ணு தெரியலயா? அதுமேலதான் நிக்கிறீங்க!"

அவர் பதறிப்போய் ஒற்றைக் காலில் நின்றார். நான் கீற்றுத் தட்டிக்குப் பின்னால் நின்று சிரித்தேன். அதற்குப் பிறகு மழையிலும் காய்ச்சலிலும்கூட நீ கோலம் போடாமல் விட்டதில்லை.

சாவு விழுந்த வாசலில் கோலம் போடக் கூடாதாம். இன்றைக்கு வாசல் வெறுமையாகக் கிடக்கப்போய்த்தானே அவன் அப்படிச் சொன்னான்?

"யோவ், இது எங்கக்கா வீடுய்யா!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

இதைப் படிக்கிறவர்களே, செல்வியக்கா தன் சொந்த வீட்டிலிருந்துதான் போகிறாள். அவளுக்காக எல்லோரும் ஒரு நிமிஷம் சாமியிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.