ஒண்ணாம் நம்பர் கம்ப்யூட்டரில் ஒரு ஜெர்மனி ரகசியம்

தக்கலையில் நெட் சென்டர் நடத்துகிறவள் பல்வலி வந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. அத்தனை பேருடைய விஷயம் உள்ளே கிடக்கும்.

இதே தொழிலில் கிடந்து அல்லல்படுகிற உங்களுக்கு நான் சொல்லவேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வலைத்தளத்துக்குள் போனால், நீங்கள் வந்த அடையாளத்தை அது உங்கள் கம்ப்யூட்டரிலேயே சின்னக் குறிப்பாக எழுதி வைத்துவிடும். அதுதான் குக்கி. சில குறிப்பை விளம்பரக்காரன் எழுதி வைப்பான். பிறகு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனாலும் பின்னாலேயே வருவான், சவத்துப் பய. வீட்டில் ஒரே ஆள் பார்த்தால் பரவாயில்லை. என் கடையில் ஒரு கம்ப்யூட்டரில் ஊரே உட்காருகிறது.

கேட்டால் மறுக்காதவர்

ஆறுமுகம் அண்ணாச்சிக்குக் கொஞ்சம் வயல், கொஞ்சம் வாழை, நர்ஸ் வேலை பார்க்கிற ஒரே மகள் மாலதி. மகளுக்குத் தெரியாமல் மாப்பிள்ளை பார்க்க வாரா வாரம் என் கடைக்கு வருவார். ஆவணியில் கல்யாணம் என்று மனசுக்குள் பந்தலே போட்டாயிற்று.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'குக்கிகளை ஏற்கிறீர்களா?' என்று ஒரு பெட்டி முளைக்குமே, அண்ணாச்சி கும்பிடாத குறையாக 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்பதை அமுக்குவார். "பக்கத்துல 'மறுக்கிறேன்'னும் இருக்கு அண்ணாச்சி, தேவையானதை மட்டும் ஏத்துக்கிடவும் செய்யலாம்" என்றேன். என்னைப் பண்பாடு தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அவன் மரியாதையாட்டு கேக்கான் மக்கா, மொகத்துக்கு நேரே வேண்டாம்னு எப்படிச் சொல்ல?"

மகளும் வந்தாள்

மாலதியும் அதே கடைக்குத்தான் வந்தாள், அப்பாவுக்குத் தெரியாமல். ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரி வேலைக்காக ஆன்லைனில் ஜெர்மன் படிக்கிறாள். வகுப்புக்குக் கேமரா வேண்டும்; அது உள்ளது ஒண்ணாம் நம்பர் கம்ப்யூட்டரில் மட்டும். அப்பா உட்காருகிற அதே நாற்காலி! இரண்டு பேருக்கும் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு நான் நடுவில் முழித்தேன்.

"எக்கா, பரீட்சை முடியதுக்கு முன்னாடி அப்பாவுக்குத் தெரிஞ்சா நான் ஜெர்மனிக்கு இல்ல, மணவறைக்குத்தான் போவேன்."

அகராதிக்குள் மாப்பிள்ளை

ஒருநாள் மாலதி ஜெர்மன் அகராதியைத் திறந்தாள். ஓரத்தில் கோட்டு போட்ட ஒரு மாப்பிள்ளை சிரிக்கிறான். அடுத்த சொல்லைத் தேடினால் இன்னொருத்தன்; அரசு வேலை, சொந்த வீடு, மாலதியின் நட்சத்திரத்துக்குப் பொருத்தம். எல்லாம் அண்ணாச்சி ஏற்றுக்கொண்ட குக்கிகளின் கைங்கரியம். வைரஸ் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன்.

"வைரஸுக்கு எனக்க ஜாதகம் எப்படி எக்கா கிடைச்சு?"

துடைத்த கதை

மாப்பிள்ளை விளம்பரம் இவளிடம் வந்தால் ஜெர்மனி விளம்பரம் அண்ணாச்சியிடம் போயிருக்குமே! அன்றைக்கே செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் இருந்த குக்கி அத்தனையும் அழித்தேன். விளம்பரக்காரனின் குக்கிகளுக்குத் தடை போட்டேன். மாலதிக்கு இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து காட்டினேன். அதை மூடினதும் உள்ளே எழுதின குறிப்பெல்லாம் அழிந்துபோகும்.

நிம்மதியாகச் சாயா குடித்தேன். மறுநாள் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் சார் வந்தார். அவர் மெயில் எப்போதும் தானாகத் திறக்கும். அவரை அடையாளம் வைத்திருந்த குக்கியும் என் கையாலேயே போய்விட்டதே. பாஸ்வேர்டு கேட்டதும் சார் முகம் சிவந்துவிட்டது.

"ஆறு வருசமா 'வாங்க சார்'னு திறந்தவன் இன்னைக்கு 'நீ யாரு'ன்னு கேக்கான், அவன்கிட்ட என்னத்த சொல்லிக் குடுத்த?"

நான் பிந்திவிட்டேன்

அடுத்த வாரம் அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். கல்யாணத் தளத்தைத் திறக்கவில்லை. நான் துடைப்பதற்கு முந்தியே அவருக்கு ஒரு விளம்பரம் வந்திருக்கிறது: 'நர்ஸா? ஜெர்மனிக்கு வாங்க!' கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லாத மனுஷன், நர்ஸின் பெயர் என்று இருந்த இடத்தில் மகள் பெயரையும் கீழே தன் போன் நம்பரையும் கொடுத்து, சம்மதம் என்று அமுக்கியும் விட்டார். அந்த விளம்பரம் கொடுத்த ஜெர்மன் வகுப்புக்காரர்கள் போன் பண்ணி, "மாலதி எங்ககிட்ட ஏற்கெனவே படிக்கிறாங்களே சார்" என்றிருக்கிறார்கள்.

"ஊருல உள்ள பெட்டிக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. பெத்தவனுக்குத் தெரியல்ல, இல்லியா?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நீங்க நிறுத்தீருவீங்கன்னு பயந்துட்டா அண்ணாச்சி" என்றேன்.

"நிறுத்தத்தான் செய்வேன்னு நெனச்சேன்" என்றார். "நேத்து ராத்திரி அவ அறைக்குள்ள மெல்லமா ஜெர்மன் சொல்லிப் பாக்கா. எனக்குப் பயந்து எனக்க வீட்டுலேயே சத்தம் இல்லாம படிக்கா. கேக்கச் சகிக்கல்ல."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"அங்க குளிரு எம்புட்டுன்னு பாத்துச் சொல்லு மக்கா, பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை எடுக்கணும்."

இனி மறைக்க ஒன்றும் இல்லையே, விளம்பரக்காரனுக்குப் போட்டிருந்த தடையை அன்று நானே எடுத்துவிட்டேன். இந்த வேகாத வெயிலில் ஒண்ணாம் நம்பரில் யார் உட்கார்ந்தாலும் கம்பளிச் சட்டை விளம்பரம்தான் வருகிறது, துடைக்க எனக்கு மனசு வரவில்லை.