தயாளனின் ஒற்றைக்கை விமானம்

திருவள்ளூர் நீதிமன்ற வாசலில் நின்றிருந்தபோது தயாளனின் மனைவி வசந்தா அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. "அவரு போய்ட்டாருங்க. தூக்கத்துலயே," என்றார். பிறகு, "ஏரிக்கு வர்றவங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க," என்றார். கும்மிடிப்பூண்டி ஏரியின் வறண்ட தரையில் ஞாயிறுதோறும் ரிமோட்டில் இயங்கும் சிறுவிமானங்களைப் பறக்கவிடும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பறக்கும் முன் ஒருவர் வாலுக்குப் பின்னால் நின்று, எது எந்தப் பக்கம் அசைகிறது என்று உரக்கச் சொல்லும் வழக்கம் தயாளன் கொண்டுவந்தது. ஒருவர் "எல்லாம் சரி" என்று மட்டும் சொன்னபோது தயாளன் விடவில்லை. "சரியா தப்பான்னு உன்ன எவன் கேட்டான்? கண்ணுல இன்னா தெரியுதோ அத சொல்லு."

பக்கவாதம் அவருடைய இடக்கையை முடக்கியது. கட்டுப்பாட்டுக் கருவியின் இடது குச்சிதான் இயந்திர வேகத்தையும் வால் சுக்கானையும் ஆள்வது. இரு கைகளாலும் இயக்க இயலாதவர் பறக்கவிடக் கூடாது என்பது நமது விதி. பாதுகாப்புப் பொறுப்பிலிருந்த நான் அதை அவரிடம் சொல்ல நேர்ந்தது. அதன் பிறகும் அவர் ஞாயிறுகளில் வந்து நாற்காலியில் அமர்ந்து பார்த்துவிட்டுப் போனார். "ஊட்டுக்கு வந்தா ஒரு வார்த்த பேசறதில்லீங்க," என்றார் வசந்தா அம்மா.

சில மாதங்கள் கழித்து மீஞ்சூரில் உள்ள தம் வீட்டுக்குத் தயாளன் என்னை அழைத்தார். புதிதாக வாங்கிய கருவியைக் கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டு, ஒரு குச்சியின் அசைவையே இரண்டு பாகங்களுக்கு இணைக்கும் சேனல் மிக்ஸிங்கை அதில் அமைத்திருந்தார். வலது குச்சியைச் சாய்த்தால் இறக்கை மடல்களோடு சுக்கானும் தானாகத் திரும்பும். இயந்திர வேகம் வலப்பக்கக் குமிழுக்கு மாறியிருந்தது.

"ஒரு கையே போதும் நைனா. உன் விதி இன்னா சொல்லுது?"

"குறுக்குக் காத்துல எறங்கும்போது மடலும் சுக்கானும் எதிரெதிரா போகணுமே. இது ரெண்டையும் ஒரே பக்கம் இழுக்கும்."

"குறுக்கால காத்தடிச்சா நான் ஊட்லயே நாஷ்டா துன்னுக்கினு இருக்கேன்."

அங்கே வைத்திருந்த அவருடைய விமானத்தின் வாலுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் குச்சியை வலப்பக்கம் சாய்த்தார்.

"வலது மடல் மேலே. சுக்கான் இடது," என்றேன்.

அவர் முகம் வாடியது. "அவ்ளோதானா? இனிமே பறக்கவுட முடியாதா?"

"மிக்ஸிங்ல குறி தலைகீழா இருக்கு. கூட்டல கழித்தலா மாத்துங்க. மறுபடி பாக்கலாம்."

மாற்றினார்.

"வலது மடல் மேலே. சுக்கான் வலது."

விமானம் முழுமையாக ஆளப்பட வேண்டும் என்பதற்காகவே விதி இரு கைகளைக் கேட்டது. குறுக்குக் காற்று இல்லாத நாட்களுக்கு அந்த நோக்கம் நிறைவேறியிருந்ததால் அனுமதித்தேன்.

காற்று அடங்கிய ஒரு காலையில் அவருடைய விமானம் ஏரியைச் சுற்றிவந்து இறங்கியதை நீங்களும் பார்த்தீர்கள். எல்லோரும் அந்த விமானத்தையே பார்த்தபடி நின்றோம். அவர்தான், "இன்னாத்துக்கு பேஜாரா நின்னுக்கினு இருக்கீங்க? அடுத்தத ஏத்துங்கப்பா," என்றார்.

அந்தக் கருவியை வசந்தா அம்மா எனக்குக் கொடுத்துவிட்டார். வலது குச்சியின் முனை தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. இடது குச்சியின் முனையில் இன்னும் சொரசொரப்பு போகவில்லை. மிக்ஸிங்கை நான் அழிக்கவில்லை. அதைக் கொண்டு பறக்கவிடும்போது என் இடக்கைக்கு வேலை ஏதும் இல்லை. அதைச் சும்மா வைத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.