தொண்ணூற்றாறில் நின்ற அம்மா

றொனால்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு இரண்டுக்கு மேல் வராது. கம்ப்யூட்டர் தெரியும், குடிக்கமாட்டான். மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவன் காம்பரா அறை, இந்தப் பக்கம் என்னுடையது. அவன் தும்மினால் எனக்குக் கேட்கும். இந்தப் பெற்றீசியாவுக்கு வாய் பொல்லாதது என்று லயமே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும், பொய் வாய் என்று எவனும் சொன்னதில்லை.

றொனால்டுக்கு நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. டவுனில் ஒரு போன் கடையில் வேலை. தம்பி டினேஷ் கட்டாருக்குப் போய்விட்டான். இவன் தாய் ராசம்மாவோடு தங்கிவிட்டான். தம்பி தப்பித்தான், தான் மாட்டிக்கொண்டோம் என்பது அவன் மனதில் முள்ளாகவே கிடந்தது. ராசம்மா படுக்கையில் விழுந்த பிறகு அவளைக் குளிப்பாட்டியதும் துணி அலசியதும் அவன்தான். அதை நான் மறைக்கமாட்டேன்.

வீட்டில் மாதா படத்துக்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டர். மழைக்கு ஈரம் ஏறாமல் துணி போட்டு மூடி வைத்திருப்பான். டொரன்டில் படம் இறக்கி லயத்துக்கே காட்டுவான். ஒரு படத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு அனுப்புவதுதான் டொரன்ட் என்று அவனே எங்களுக்கு விளக்கியிருக்கிறான். வாங்குகிறவன் பிறகு மற்றவனுக்குக் கொடுக்க வேண்டுமாம். இவன் கொடுக்கமாட்டான். தன் படம் இறங்கிய கையோடு நிறுத்திவிட்டு, கெட்டிக்காரத்தனம் என்று சிரிப்பான். பீலிக் குழாயில் தன் குடம் நிறைந்ததும் தண்ணீரைத் திருப்பிவிட்டுப் போகிறவனை எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? கம்ப்யூட்டரில் செய்ததால் பிழைத்தான்.

ராசம்மாவுக்கு முடியாமல் போனபோது, சின்னவனுக்குச் சொன்னீர்களா, வருகிறானா என்று கேட்டேன். அவனுக்கு அங்கே வேலை அதிகம் என்று சொல்லி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குமேல் நான் தோண்டவில்லை. சாவதற்குக் கொஞ்ச நாள் முந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகச் சொன்னாள்.

"சின்னவனுக்குன்னு பேசி வச்சிருக்கேன் பெற்றீசியா. பெரியவன் போன்ல வீடியோ புடிச்சிருக்கான். மனசுல உள்ளதெல்லாம் சொல்லிட்டேன்."

அவள் செத்த பிறகுதான் டினேஷுக்குச் செய்தி போனது. கம்பெனி லீவு கொடுக்கவில்லை. அம்மா பேசியதையாவது அனுப்புங்கள் என்று அழுதான். ராசம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்ததால், அனுப்பினாயா என்று வழியில் கண்டவர்களெல்லாம் றொனால்டைக் கேட்டார்கள். நீளமான வீடியோ, வாட்ஸ்அப்பில் போகாது, டொரன்டில்தான் அனுப்ப வேண்டும் என்றான். நாங்கள் என்னத்தைக் கண்டோம், தலையாட்டினோம்.

அது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வீதம் வரைக்கும் போய் நின்றது.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பொழுதுபட டினேஷின் போன் கோல் வரும். இவன் ஸ்பீக்கரில் போட்டு லயத்துக்கே கேட்க வைத்தியம் சொல்வான். ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வான். ஃபயர்வோல் மறிக்கிறது, அதை எடு என்பான். போர்ட் நம்பரை மாற்று, சொஃப்ட்வெயரை அழித்துத் திரும்பப் போடு என்பான். அந்தப் பிள்ளை வேலை முடிந்து வந்து, அறையில் இருப்பவனின் லெப்டொப்பைக் கெஞ்சி வாங்கி, சொன்னதெல்லாம் செய்யும். தொண்ணூற்றாறு அசையாது. உனக்குப் படித்தும் மூளை இல்லை என்று இவன் திட்டுவான். அவன் சரிண்ணே, சரிண்ணே என்பான்.

ராசம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, எல்லோரும் அவள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். டினேஷ் போன் எடுத்தான். இத்தனை பேர் முன்னால் கெட்டிக்காரத்தனம் காட்டாமல் விடுவானா இவன்? ஸ்பீக்கரைப் போட்டு, ரவுட்டரைப் பார்த்தாயா என்று தொடங்கினான்.

"ரவுட்டர் நல்லாத்தான் இருக்குண்ணே. நீங்கதான் நிப்பாட்டி வச்சிருக்கீங்க. எனக்குக் கொஞ்ச நாளாவே தெரியும்."

றொனால்ட் சிரித்தான். பைத்தியமா உனக்கு என்றான்.

"கடைசில அம்மா சொன்னது எனக்கு வந்துறக் கூடாதுன்னு கடைசிக் கொஞ்சத்த நிப்பாட்டிட்டீங்க. இது குடத்துல தண்ணி நெறையிற மாதிரி வரிசையா வராதுண்ணே. அங்க ஒரு துண்டு, இங்க ஒரு துண்டுன்னு வரும். முடிவு எனக்கு எப்பவோ வந்துருச்சு. அரையும் கொறையுமா ஓட விட்டுப் பாத்தேன். அதுக்கப்புறம் நீங்க என்ன பொய் சொல்றீங்கன்னு கேக்கத்தான் தெனமும் எடுத்தேன்."

பிறகு அந்த வீடியோவை அவன் ஓட விட, போன் வழியாக ராசம்மாவின் குரல் வீட்டுக்குள் கேட்டது.

"நீ வரமாட்டேன்னுட்டதா அண்ணன் சொன்னான். கோவமில்ல சாமி. ஒனக்கு வேலதானே முக்கியம்."

எங்கிட்ட சாதாரணக் காய்ச்சல்னுதானேண்ணே சொன்னீங்க என்றான் டினேஷ். இந்தப் பாவி தம்பிக்கு உண்மையைச் சொல்லவே இல்லை. சாதாரணக் காய்ச்சல் என்று அவனிடம் ஒரு பொய், வரமாட்டேன் என்றான் என்று இவளிடம் ஒரு பொய். பெற்ற பிள்ளை வர மறுத்தான் என்று நம்பிக்கொண்டே செத்திருக்கிறாள். அந்த அவமானத்தைத்தான் என்னிடம்கூடச் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பினாள். அவள் அதைச் சொல்லும்போது எதிரே போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன் இவன்.

"அந்த எடத்த வெட்டிட்டு அனுப்பத்தான் பாத்தேன், கம்ப்யூட்டர் இறுகி நின்டுருச்சு," என்றான் றொனால்ட்.

டினேஷின் குரல் அப்போதுதான் உடைந்தது.

"நடுவுல ஒரு எடம் மட்டும் எனக்கு வரல்ல. 'ஒங்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும்'னு அம்மா தொடங்குது, அப்புடியே உறைஞ்சு போகுது. திரும்ப வரும்போது அழுதுகிட்டு இருக்கு. அத மட்டும் விட்டுருங்கண்ணே. வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்."

அவசரப்பட்டுவிட்டான் பிள்ளை. முதலில் அதை வாங்கிக்கொண்டு பிறகு மானத்தை வாங்கியிருக்க வேண்டும். றொனால்ட் எழுந்து போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான், துணியை எடுத்தான், மவுஸைப் பிடித்தான். சரி, மனுஷன்தான், விடப் போகிறான் என்று நினைத்தேன். இரண்டு மூன்று தரம் அமுக்கிவிட்டுப் போன் பக்கம் திரும்பினான்.

"அழிச்சுட்டேன். குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிட்டேன். போன்ல இருந்தது அப்பவே போயிருச்சு."

நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். நீதானே எதிரே நின்றாய், அவள் என்ன சொன்னாள், உன் வாயால் சொல்லித் தொலை என்று உலுக்கினேன். என் கையை மெதுவாக எடுத்துவிட்டான்.

"பீத்துணி அலசினது நான். எனக்குன்னு ஒரு வார்த்த சொல்லல்ல. அவனுக்குச் சொன்னது எங்கிட்டயே இருக்கட்டும்."

டினேஷ் இப்போது என் போனுக்குத்தான் எடுக்கிறான். அண்ணன் ஏதாவது சொன்னாரா அக்கா என்று கேட்பான். இல்லப்பா என்பேன். சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தும்முகிறான், இருமுகிறான், படம் பார்த்துச் சிரிக்கிறான். அதை மட்டும் சொல்வதில்லை.