கரையான் மேல் போட்ட பழி

சாப்பிட உட்காரும் முன் அவர் கையை மூன்று முறை கழுவுவார். முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை வரை. துடைக்கமாட்டார். ஈரத்தோடு நடுவிரலை மூக்கருகே கொண்டுபோய், யாரோ ரகசியம் சொல்லக் கேட்பவர் போலத் தலையைச் சாய்த்து மோந்து பார்ப்பார். சில நாள் அத்தோடு உட்கார்ந்துவிடுவார். சில நாள் மறுபடி குழாயடிக்குப் போவார்.

"அந்த விரலுக்கு வாய் இருந்தா அழுதிடும். சாப்பாடு ஆறுது, வாங்க," என்பாள் மனைவி.

அலுவலகத்தில் அவருக்கு ஊசி என்று பெயர். காவல்துறையின் ஆவண அறையில் தாள்களைத் துளையிட்டு, நூல் கோத்து, கோப்பாகத் தைப்பது அவர் வேலை. அவர் தைத்த கோப்பை உதறினாலும் ஒரு தாள் நழுவாது. துரைகள் ஆண்ட காலத்தில் அந்த அறைக்கு நிறையத் தாள் வந்தது. துறைமுகத்தில் கூலி உயர்வு கேட்டவர்களைச் சுட்டார்கள். செத்தவர்களை எடுத்துப்போன ஊர்வலத்தையும் சுட்டார்கள். அதற்குப் பிறகு ஊர் அடங்கவில்லை. எட்டு வருஷம் அடங்கவில்லை. அடங்காத ஊரைப் பற்றி யாராவது எழுதிக்கொண்டே இருந்தார்கள், இவர் தைத்துக்கொண்டே இருந்தார். படிக்கமாட்டார். படிக்காமல் தைக்கத் தெரிந்ததால்தான் அந்த வேலையில் வைத்திருந்தார்கள்.

கொடி இறங்குவதற்குப் பதினோரு நாள் முன்னால் துரை கூப்பிட்டார். சிவப்புக் கோடு போட்ட கோப்பு ஒன்றுகூட அடுத்து வருபவர்கள் கையில் சிக்கக்கூடாது. கொல்லைப்புறக் கொட்டகையில் வைத்து எரி. சாம்பலை நொறுக்கித் தண்ணீரில் கரை.

துணைக்குத் தோட்டக்காரரைக் கொடுத்தார்கள். முதல் நாளே ஒரு சங்கடம். இறுக்கித் தைத்த கோப்பு எரியாது. ஓரம் கருகும், நடு வெள்ளை வெளேரென்று அப்படியே கிடக்கும்.

"என்னய்யா ஊசி, எமனே வந்தாலும் பிரிக்க முடியாத மாதிரி தைச்சு வெச்சிருக்கே. இப்ப நீயே பிரி," என்றார் தோட்டக்காரர்.

பிரித்தார். தன் தையலைத் தானே அறுத்து, ஒவ்வொரு தாளாக நெருப்பில் போட்டார். தாள் தாளாகப் போட்டால் கண் சும்மா இருக்குமா? எட்டாம் நாள் பகலில் தையற்காரரின் கோப்பு வந்தது.

தையற்காரர் அடுத்த தெருக்காரர். சட்டைக் காலருக்குள் துண்டுப் பிரசுரம் வைத்துத் தைத்து ஊர் ஊராக அனுப்பியவர். அவர் கடைப் பரணில் ஒளிந்திருந்த மூன்று இளைஞர்கள் ஒரு விடியலில் பிடிபட்டுத் தூக்கில் தொங்கினார்கள். அவர்களுக்கு முன்பே பிடிபட்டிருந்த தையற்காரர் அதற்குள் சிறையில் காய்ச்சலில் செத்தார் என்று சொன்னார்கள். பரண் விஷயம் தெரிந்தவன் அவன் ஒருவன்தானே, அவன்தான் காட்டிக்கொடுத்தான் என்று தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. அவர் மனைவி குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

தாளில் இரண்டே வரி. பதினேழு நாள் விசாரித்தும் தையற்காரன் வாய் திறக்கவில்லை. பரணைச் சொன்னவன் அவன் மனைவியின் தம்பி. மூன்றாவது நகத்தைப் பிடுங்கும்போது சொன்னான்.

"ஏன்யா நிறுத்திட்டே? நெருப்பு அணையுது பாரு," என்றார் தோட்டக்காரர்.

போட்டார்.

விடுதலை வந்தது. அதே கட்டடம், அதே நாற்காலி. வாசல் முத்திரை மேல் மட்டும் சுண்ணாம்பு பூசிப் புதுசு வரைந்தார்கள். புது அதிகாரி அலமாரியைப் பார்த்துவிட்டு, "நூத்திப் பன்னெண்டுக்கு அப்புறம் நூத்தி நாப்பதா? நடுவுல என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"கரையான் ஐயா."

அதிகாரி சிரித்தார். அவரும் துரைகளிடம் வேலை பார்த்தவர்தான்; எந்தக் கரையான் என்று அவருக்குத் தெரியும். ஊசியின் வேலை நிலைத்தது. அன்றிலிருந்துதான் விரலில் புகை வாசனை வர ஆரம்பித்தது.

ஒன்பது வருஷம் கழித்துத் தெருமுனையில் தியாகிகளுக்குக் கல் வைக்கக் கமிட்டி போட்டார்கள். தூக்கில் போன மூவர் பெயர் வரும். தையற்காரர் பெயர் வராது. அந்த வாரம் இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் தையற்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

முன்னறைதான் கடை. தம்பி தையல் மிதித்துக்கொண்டிருந்தான். அக்காவுக்கும் அவள் மகளுக்கும் இத்தனை வருஷமாகக் கஞ்சி ஊற்றியது அந்த மிஷின்தான்.

"உன் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லலைம்மா," என்றார் ஊசி. "தாள்ல பார்த்தேன். அந்தத் தாளை எரிச்சதும் நான்தான்."

அவள் வெகுநேரம் அவரையே பார்த்தாள். "அப்ப யாருண்ணே சொன்னது?"

மிஷின் நின்றது. ஊசியின் கண் அந்தப் பக்கம் ஓடிவிட்டுத் தரைக்கு வந்தது.

"அது... தெரியலைம்மா."

"சரி. இதைக் கமிட்டி முன்னாடி வந்து சொல்லுங்க. அவர் பேரு கல்லுல வரணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

கமிட்டி பள்ளிக்கூடக் கூடத்தில் கூடியது. தலைவருக்குச் சிறையில் வாங்கிய அடியில் இரண்டு காதும் மந்தம்.

"என்ன? சத்தமாச் சொல்லு!"

"நான்தான் எரிச்சேன் ஐயா! தையற்காரர் கோப்பை! எரிக்கறதுக்கு முன்னால படிச்சேன்! அவர் காட்டிக்கொடுக்கலை!"

வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக அவர் பேசியதில்லை. கூடமே திரும்பிப் பார்த்தது.

"அவன் இல்லைன்னா வேற யாரு?"

வாசலில் அவள் நின்றிருந்தாள். பக்கத்தில் தம்பி, முப்பது தாண்டிய ஆள், சின்னப் பிள்ளை மாதிரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு. சலவைச் சட்டை. தலை வாரியிருந்தான். கூடத்தில் தூக்கில் போனவர்களின் அண்ணன் தம்பிகள் உட்கார்ந்திருந்தார்கள். பெயரைச் சொன்னால் இவன் வீடு போய்ச் சேரமாட்டான். அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே துணையும் போகும்.

"அந்தத் தாள்... முன்னாடியே எரிஞ்சிடுச்சு ஐயா!"

"அட! நெருப்புக்குக்கூட ஆள் பார்த்துச் சாப்பிடத் தெரியுது," என்றது பின்வரிசையில் ஒரு குரல். சிரிப்பு எழுந்து அடங்கியது.

"எங்க பிள்ளைங்க தூக்குல தொங்கினப்ப நீ அவனுங்களுக்கு நூல் கோத்துக்கிட்டிருந்தே," என்றார் தலைவர். "உன் பேச்சை நம்பிக் கல்லுல உளி வைக்கணுமா? போய்யா."

கல்லில் மூன்று பெயர்தான் வந்தது. கூடத்தைவிட்டு வெளியேறும்போது அவள் ஊசியை ஒரு பார்வை பார்த்தாள். பெயர் வாங்கித் தர முடியவில்லை, தம்பியையாவது விட்டுவைத்தோம், அதற்கான நன்றி என்று அவர் எடுத்துக்கொண்டார். பதினோரு வருஷம் அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தார். மனைவியிடம்கூட இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு நாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்த தையற்காரர் மனைவி, மற்றவர்கள் எழுந்துபோகும்வரை காத்திருந்து, ஊசியின் மகளிடம் சொன்னாள். தூக்குப் போட்ட மாதமே தம்பி அவள் காலைப் பிடித்து எல்லாம் சொல்லிவிட்டான். கமிட்டி நாள் காலையில் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றான். "என் வாய்க்கு வரமாட்டேங்குதுக்கா. அவருக்குத் தெரியும், அவர் சொல்லட்டும். நான் ஓடிடாம மட்டும் கையைப் பிடிச்சுக்கோ."