எஸ் போட்ட வண்டி

கல்யாணத்துக்கு அப்பா கார் கொடுத்தார். எங்கள் பக்கம் அது புதிதல்ல. கொடுக்காவிட்டால்தான் பேச்சு வரும். ஆனால் ஆட்டோமேட்டிக்காகப் பார்த்து வாங்கினார். அப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருந்த நான் அதை ஓட்டவேண்டும் என்பது அவர் ஆசை. "இது பொம்பள ஓட்டுத வண்டியாக்கும்" என்று என் கணவர் முதல் நாளே முகத்தைச் சுளித்தார். சுளித்த கையோடு சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

கியரை டி-யிலிருந்து எஸ்ஸுக்கு இழுத்தால் ஸ்போர்ட் மோடு என்று யாரோ சொல்லிக்கொடுத்த பிறகுதான் அவருக்கு அது ஆம்பிளை வண்டியானது. எஸ்ஸில் போட்டால் வண்டி குறைந்த கியரிலேயே நின்று உறுமும். லேசாக மிதித்தாலே எகிறும். காலை எடுத்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி குலுங்கும். பால் பாக்கெட் வாங்கப் போனாலும் எஸ்தான்.

அப்பாவுக்கு மூத்திரப்பையில் ஆபரேஷன் நடந்தது. தக்கலையில் எங்களோடு சில நாள் இருந்துவிட்டு, அஞ்சுகிராமத்தில் தன் வீட்டுக்கு எங்கள் வண்டியிலேயே கிளம்பினார். அடக்க முடியாது, குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது என் கணவரும் பக்கத்தில்தான் நின்றார். கேட்காததுபோல் நடிக்கக்கூட இல்லை, தலையாட்டினார்.

அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்தார். நான் பின்னால். நாகர்கோவில் தாண்டி ரோடு காலியானதும் கை எஸ்ஸுக்குப் போனது.

"மாமா, நீங்க தந்த வண்டி எப்பிடி இழுக்குன்னு பாருங்க."

அப்பா மேலே இருந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். கொஞ்ச தூரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "மாப்ள, ஓரமா கொஞ்சம் நிறுத்துவியளா?" என்றார்.

"இந்தா வந்தாச்சு மாமா."

"நிறுத்துங்க, அப்பாவால முடியாது" என்று நான் கத்தினேன்.

"சும்ம இரிட்டி" என்று இன்னும் மிதித்தார். அவர் சிரிப்பது கண்ணாடியில் தெரிந்தது. அந்தக் கழுத்தை நெரிக்கவேண்டும்போல் இருந்தது. என் கை அப்பாவின் தோளில்தான் கிடந்தது.

வீட்டு முற்றத்தில் இறங்கும்போது அப்பாவின் வேட்டியும் சீட்டும் நனைந்திருந்தன. என் கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "புது சீட்டு மாமா" என்றார்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். குனிந்து சீட்டைத் துடைத்தார். பிடுங்கப் போன என் கையைத் தள்ளிவிட்டு, "சாரமில்ல மக்ளே, இதுல என்ன இருக்கு" என்றார். துடைத்து முடித்து நிமிர்ந்தவர் மருமகனிடம், "மாப்ள நல்லா ஓட்டுதிய. திரும்பிப் போவும்போ மகளுக்கும் கொஞ்சம் ஓட்டக் குடுங்க" என்றார். இதைக் கேட்கத்தான் மனுஷன் மறுபடி நிறுத்தச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு வந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மொதல்ல சீட்டு காயட்டும் மாமா. இல்லேன்னா அவளுக்க சேலையும் நாறிப் போவும்லா" என்று சொல்லி அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவும் கூடச் சிரித்தார். மகள் அந்த வீட்டில் வாழவேண்டுமே என்றுதான் சிரித்திருப்பார். அது தெரிந்தும், அன்றைக்கு எனக்கு அவர்மேல்தான் அதிக ஆத்திரம் வந்தது.