வெல்வெட்டுக்கு ஆகாத வெயில்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் எங்கள் மாஸ்டர் முதலில் ஜன்னலைப் பார்ப்பார், அப்புறம்தான் ஆளை. திரைச்சீலை தைப்பவர். அவர் கடையில் ஓரம் மடித்து வளையம் கோக்க நான் வந்த நாளிலிருந்தே இப்படித்தான். கைவிரலை விரித்துக் காற்றிலேயே சாண் போட்டு அளப்பார். "பொட்டு வெயில் உள்ள வராது, நான் பொறுப்பு" என்பார். கடைக்குள்ளும் வராது. வெல்வெட் வெளுத்துவிடுமாம்.

டாக்டரிடம் போனபோதும் அதே கதைதான். கூடப் போன மாஸ்டரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், வந்து சொன்னார்.

"விட்டமின் டி உங்களுக்கு அடிமட்டத்துல இருக்கு. அது குறைவா இருக்கறவங்களுக்குக் கிட்னி கெடற ஆபத்து அதிகம். சுகர் வேற இருக்கு. நான் சொல்றது காதுல விழுதா?" என்றாராம் டாக்டர்.

"விழுது டாக்டர். உங்க திரைக்கு லைனிங் குடுக்காம ஏமாத்திட்டானுங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாஸ்டரின் அண்ணன் டயாலிசிஸுக்குப் போய்வருகிறார். "அவர் பக்கத்துக் கட்டில்ல உங்களுக்கும் இடம் போட்டு வச்சிருக்கா?" என்று அக்கா கடையில் வைத்தே கேட்டார். மாஸ்டர் ஊசியில் நூல் கோக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

மாத்திரை வேண்டாம், வெயிலிலேயே சரிக்கட்டுகிறேன் என்று டாக்டரிடம் சொல்லியிருந்தார். மறுநாளே கடையின் கண்ணாடி ஜன்னலில் திரையை விலக்கி, அதன் முன்னால் முக்காலியில் மகாராஜா மாதிரி உட்கார்ந்துவிட்டார். "கண்ணாடி தாண்டி வர்ற வெயில்லதான் வெல்வெட்டே வெளுக்குது. எனக்கு மட்டும் ஏறாதா?" எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த பரிசோதனையில் விட்டமின் டி அசையவே இல்லை. துணியை வெளுக்கும் கதிர் கண்ணாடியைத் தாண்டுமாம். உடம்புக்கு வேண்டியது தாண்டாதாம்.

"இத்தன வருஷம் தொழில் பண்ணி, வெயில்ல ரெண்டு ரகம் இருக்கறது தெரியாம போச்சே!"

அக்கா விடவில்லை. "ஒரு ரகத்தையாவது மேல படவிட்டீங்களா?"

இப்போது மாத்திரையும் உண்டு, வெயிலும் உண்டு. தெருவே பார்க்கிறது என்று கூச்சப்பட்டாலும் முக்காலி வாசலுக்கு வந்துவிட்டது. கிட்னி இன்னும் கெடவில்லை. அடுத்த பரிசோதனை வரவேண்டும். மாஸ்டர் வாசலில் உட்கார்ந்து மடியில் வெல்வெட்டை வைத்துத் தைக்கிறார். ஊசி ஓடும் இடத்தை விட்டு மீதித் துணிமேல் பழைய படுக்கைவிரிப்பு ஒன்றைப் பத்திரமாகப் போர்த்திவிட்டு, தன் சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டிக்கொள்கிறார்.