போன வருஷத்து டைரி

என் தங்கை மகனுக்கு லிப்ட் ரிப்பேர் வேலை. முப்பது வருஷமாக அதே வேலைதான். லிப்ட் நின்றுபோனால் வாட்ச்மேன் ஓடி வந்து ஆயிரம் காரணம் சொல்வான். பிள்ளைகள் உள்ளே குதித்தார்கள் என்பான், நாலாவது மாடிக்காரர் பீரோ ஏற்றினார் என்பான். இவன் காதிலேயே வாங்க மாட்டான். நேரே மேலே மெஷின் அறைக்குப் போய், ஆணியில் தொங்கும் நோட்டைப் புரட்டுவான். எந்தத் தேதியில் எதை மாற்றினார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று அதில் இருக்கும். "வாய் சொல்றது கதை பெரியம்மா, நோட்டு சொல்றதுதான் சங்கதி" என்பான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னா மட்டும் நோட்டு வேண்டாம்" என்று சேர்த்துக்கொள்வான்.

அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எங்கள் சொந்தத்தில் யாருக்கு யார் என்ன முறை, எந்த வருஷம் யார் யாரோடு பேச்சை நிறுத்தினார்கள், எந்தப் பிள்ளை மழையில் பிறந்தது, எது வெயிலில் பிறந்தது என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்லிவிடுவேன். சந்தேகம் வந்தால் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள்.

இவனுக்கு இந்த எழுதும் புத்தி சின்ன வயதிலேயே வந்தது. அவன் அப்பா ஆபீஸில் குமாஸ்தா. வருஷக் கடைசியில் யாரும் தொடாத டைரி ஏதாவது மிஞ்சினால் வீட்டுக்கு எடுத்து வருவார். ஆகவே இவனுக்குக் கிடைத்ததெல்லாம் போன வருஷத்து டைரி. தேதி சரியாக இருக்கும், கிழமை தப்பாக இருக்கும். பயல் ஒவ்வொரு பக்கத்திலும் கிழமையை அடித்துத் திருத்திவிட்டுத்தான் எழுதுவான். ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் நான்கு டைரி எழுதினான். அப்புறம் அவை எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. அவனும் மறந்துவிட்டான்.

போன மாதம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அதே பழைய வீடு, மூன்றாவது மாடி. என் தங்கையும் அவள் புருஷனும் போய்ச் சேர்ந்த பிறகு அவன்தான் அங்கே இருக்கிறான். பெயின்டர் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். திறந்தால் நான்கு டைரியும் இருந்தன. உடனே எனக்கும் அவன் தங்கைக்கும் போன் போட்டு, "வாங்க, சிரிச்சு நாளாச்சு" என்று கூப்பிட்டான்.

அவன் தங்கையைப் பாப்பா என்றுதான் சொல்வோம். பாப்பாவுக்கு நாற்பத்து நான்கு வயது. மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கிறாள். வலது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி கிடையாது. கடைக்கு வருகிறவர்கள் கையையே பார்த்தால், "பயப்படாதீங்க, எனக்கு எட்டு வரைக்கும் நல்லா எண்ண வரும்" என்பாள்.

அந்த விரல் போன கதையை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. என் தம்பி, அதாவது இவர்களுடைய மாமா, புத்தகம் பைண்டு பண்ணுகிறவன். அப்போது தங்கை வீட்டில்தான் தங்கியிருந்தான். ஒருநாள் மத்தியானம் அவனுக்கும் அவன் மச்சானுக்கும் வாக்குவாதம். கோபத்தில் வெளியே போனவன் வாசல் கதவைப் படாரென்று சாத்தினான். பாப்பாவுக்கு நான்கு வயது. கீல் பக்கம் கை வைத்திருந்தாள். நான் அடுப்படி வாசலில் பால் பாத்திரத்தோடு நின்றேன். தம்பியின் கை கதவில் இருந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இப்படித்தான் சொல்வேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அவன்தான். ஆனாலும் மச்சான் இனிமேல் என் வாசலை மிதிக்காதே என்றுவிட்டார். சில மாசம் கழித்துத் தம்பி என்னிடம் வந்து, "நான் கதவத் தொடவே இல்லக்கா, படி இறங்கிட்டேன்" என்றான். "நான் பாத்தேன்டா" என்றேன். அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. அவன் குடியிருக்கும் இரண்டு அறைக்கும் நடுவே இருந்த கதவைக் கழற்றிவிட்டு ஒரு திரையைத் தொங்கவிட்டான். நாற்பது வருஷமாகத் திரைதான்.

அன்றைக்கு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். அவன் நோட்டைப் படிக்கும் அதே குரலில் வாசித்தான். "இன்று அப்பா குறட்டை விட்டார். எண்ணினேன். நாற்பத்தொன்று." "இன்று பால் திரிந்துவிட்டது. என்னை யாரும் திட்டவில்லை." பாப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டாவது டைரியை எடுத்தான். ஒரு பக்கத்தில் நின்றான். பிறகு குரல் மாறாமலே படித்தான்.

"செவ்வாய். பாப்பாவின் விரல் நசுங்கிவிட்டது. நான்தான் கதவைச் சாத்தினேன். அவள் என் கலர் பென்சிலை எடுக்க ஓடி வந்தாள். அவள் கை கீல் பக்கம் இருந்தது எனக்குத் தெரியாது. யார் சாத்தியது என்று அப்பா கேட்டார். மாமா என்றேன். மாமா அப்போது படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். நிறைய ரத்தம். பெரியம்மா ஊரில் இல்லை. நாளை கணக்குப் பரீட்சை."

பெயின்டர் அடுத்த அறையில் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அவன் கையை நீட்டி டைரியைத் தள்ளி வைத்தான், சுடுகிற பாத்திரம் மாதிரி. "இது என் கையெழுத்துதான். ஆனா எனக்கு இப்படி ஞாபகமே இல்ல பெரியம்மா. மாமா கைதான் ஞாபகம் இருக்கு. கதவு மேல. மோதிரத்தோட."

"அவன் மோதிரமே போட்டதில்லையேடா" என்றேன்.

எந்த லிப்ட்டைச் சரி பண்ணினாலும் கதவு மூடும்போது தன் கையையே நடுவில் வைத்துப் பார்க்கிறவன் அவன். ஏன்டா இப்படி என்று கேட்டால், மாமா பண்ணினது மாதிரி யாருக்கும் ஆகக்கூடாது என்பான். அவனைத் தேற்ற வாயெடுத்தேன். அப்போதுதான் அந்த இன்னொரு வரி எனக்கு உறைத்தது.

"பெரியம்மா ஊரில் இல்லன்னு எழுதியிருக்கியே, அது தப்பு. நான் அடுப்படியில நின்னேன்."

அவன் இரண்டு பக்கம் திருப்பிப் படித்தான். "வியாழன். பெரியம்மா வந்தாள். பெரியப்பாவின் வயிற்றைக் கிழித்துத் தைத்திருக்கிறார்களாம். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். பெரியம்மா அழுதாள்."

என் வீட்டுக்காரருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது வெளியூர் ஆஸ்பத்திரியில். பச்சைச் சுவர். பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்த ஒரு தபால்காரர். ஐந்து நாள் நான் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. அதுவும் எனக்கு அப்படியே கண்ணுக்குள் இருக்கிறது. அடுப்படியும் பால் பாத்திரமும் அப்படியே இருக்கின்றன. ஒரே செவ்வாய்க்கிழமை. எனக்கு இருப்பதோ ஒரு உடம்பு. தங்கை சொன்னதைக் கேட்டு அழுதவள், எந்த நாளில் அதைப் பார்த்தவளாக மாறினேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

பாப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்தனை வருஷம் மாமா மேல கோபமா இருந்தேன். இப்ப யார் மேல கோபப்படணும்னு நீங்களே வரிசையில நின்னு சொல்லுங்க" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே மூன்று பேரும் தம்பி வீட்டுக்குப் போனோம். எழுபத்து மூன்று வயது. பசைவாளி பக்கத்தில் இருக்க, ஒரு பழைய புத்தகத்துக்கு முதுகு ஒட்டிக்கொண்டிருந்தான். பாப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான். நாங்கள் உள்ளே வந்ததும் வாசல் கதவை இரண்டு கையாலும் பிடித்து, முட்டைமேல் வைப்பது போல் மெதுவாகச் சாத்தினான்.

தங்கை மகன் நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தான். படித்து முடித்து, "மன்னிச்சிடுங்க மாமா" என்றான்.

தம்பி தலையை ஆட்டினான். "இல்ல மாப்ள. நான்தான் சாத்தினேன்."

"நானே எழுதியிருக்கேன் மாமா. கிழமைகூடத் திருத்தியிருக்கேன், பாருங்க."

"சின்னப் பையன், பயத்துல என்னத்தையோ எழுதியிருப்ப. எனக்குத் தெரியாதா? அந்தக் கதவு அதிர்ந்தது இன்னும் இந்த உள்ளங்கையில இருக்கு." கையை விரித்துக் காட்டினான். பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. "மொதல்ல நான்கூட இல்லன்னுதான் சொன்னேன். அப்புறம்தான் அக்கா பாத்தேன்னு சொல்லுச்சு. அது சொன்னப்புறம்தான் எனக்கே ஞாபகம் வந்தது. அக்கா தப்பாச் சொல்லாது."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேசாமல் இருந்தால், அவன் அந்தக் கதவோடேயே போய்ச் சேர்ந்துவிடுவான் என்று எனக்குத் தெரிந்தது. தண்ணீர் கேட்டேன், பாப்பா கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னேன்.

"தம்பி, நான் அங்க இல்லடா. உன் அத்தானோட ஆஸ்பத்திரியில இருந்தேன். வியாழக்கிழமைதான் வந்தேன். நான் எதையும் பாக்கல."

அவன் உட்கார்ந்தான். புத்தகத்தின் முதுகு ஒட்டாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதைக் கவனிக்கவே இல்லை. அழுவான் என்று நினைத்தேன், அழவில்லை. திட்டியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு, "அப்ப இது என்னக்கா?" என்றான்.

பாப்பா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்த விரல்களைக்கொண்டே அவன் கையில் இருந்த பசையை உரித்தாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு தம்பி மருமகனைக் கேட்டான், "நான் படிக்கட்டுல இறங்கிட்டிருந்தேன்னு எழுதியிருக்கியா?"

"ஆமா மாமா."

"எந்தப் படியில?"

அவன் டைரியை மறுபடி திறந்து, அந்த ஏழெட்டு வரியையும் விரல் வைத்துத் தேடினான். "அது எழுதல மாமா."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அந்தப் படிக்கட்டில் தன்னைத் தேடுகிறான் என்று புரிந்தது. பிறகு கண்ணைத் திறந்தான்.

"எழுதியிருக்கலாமே மாப்ள" என்றான்.